ஹாலுக்கும் அறைக்கும் ஒரு கம்பி

சின்னத்துரைக்கு ஒன்று விளங்கவில்லை என்றால் பிழை அந்த ஒன்றின் மேல்தான். காலமெல்லாம் தொலைபேசி இலாகாவில் சம்பளக் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற மனிதர், அலோர் ஸ்டாரில் மணியடிக்கிற டெலிபோன் அத்தனையும் தன் கையால் பொருத்திப் பூட்டியவை என்பதுபோல மெர்கோங் வட்டாரம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தார். ஒரு கம்பியையாவது கையால் தொட்டிருப்பாரா? மகள் பாலாம்பிகையைக் கேட்டால் சொல்லுவாள். வீட்டில் ஃபியூஸ் போனால், பக்கத்து வீட்டு எர்னஸ்ட் வந்து மாற்றும்வரை இருட்டில் உட்கார்ந்து இலாகாவின் பெருமையை அளந்துகொண்டிருப்பவர் அவர்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குள் கம்பியூட்டர் கம்பி இழுக்கப் போகிறேன் என்று கிளம்பியதற்குக் காரணம் ஒரு சம்பந்தம். எண்பத்தாறாம் ஆண்டு அது. மாப்பிள்ளையின் பெயர் தேவதாசன். கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து காலமானவரின் ஒரே மகன். பினாங்கில் கம்பியூட்டருக்கு உதிரிகள் செய்கிற தொழிற்சாலையில் இன்ஜினியர். சாதகம் பொருந்திவிட்டது, குடும்பம் பொருந்திவிட்டது, இரண்டு பக்கத்துக் கிழடுகளும் ஒன்றையொன்று மெச்சி முடித்துவிட்டன. அடுத்த வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதும், பார்த்த கையோடு தட்டு மாற்றுவதும்தான் பாக்கி. பெண்ணும் பையனும் பொருந்துகிறார்களா என்று கேட்கிற வேலை மட்டும் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

சின்னத்துரை சாப்பாட்டு மேசையில் தன் திட்டத்தை வெளியிட்டார்.

"இஞ்சார் இராசம்மா, மாப்பிள்ளை கம்பியூட்டர் கொம்பனியில இன்ஜினியர். அவரை வெறும் வடையும் கேசரியும் குடுத்து அனுப்பேலுமே? ஹாலில ஒரு கம்பியூட்டர் வைக்கிறன். பின்னறையில ஒண்டு. நடுவில கேபிள். அவர் ஹாலில இருந்து கேக்க, இவள் அறைக்குள்ள இருந்து பதில் அனுப்புவாள். மரியாதைக்கு மரியாதை, நாகரிகத்துக்கு நாகரிகம். கெடாவில இதை ஒருத்தனும் செய்திருக்க மாட்டான்."

"ஹாலுக்கும் அறைக்கும் நடுவில பலகைச் சுவர்தானே," என்றாள் இராசம்மா. "அங்க தும்மினா இஞ்ச கேக்கும். நேர வாயால கேட்டா என்ன, நாக்குச் சுட்டுப் போகுமே?"

"உனக்கு இதொண்டும் விளங்காது. பேசாமல் இரு."

இராசம்மா பேசாமல் இருந்தாள். அந்த வீட்டில் அவளுக்குக் கொடுக்கப்பட்ட நிரந்தர உத்தியோகம் அது.

பாலாம்பிகை சோற்றைப் பிசைந்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நில அளவை அலுவலகத்தில் நாள் முழுவதும் விசைப்பலகையைத் தட்டுகிறவள் அவள். இருபத்தெட்டு வயது. அப்பாவின் கூத்துகளைப் பார்த்துப் பார்த்து அலுத்தவள். ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவளுக்கு வேறொரு யோசனை வந்தது. வந்த யோசனை போகவில்லை.

இதற்கு முன் இரண்டு பேர் அவளைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முதலாமவன் தைப்பிங் வாத்தியார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுடைய பெரியம்மா கேள்வி கேட்டாள், பாலாம்பிகையின் மாமா பதில் சொன்னார். இரண்டாமவன் ஈப்போ வக்கீல். கோர்ட்டில் வாய் கிழியப் பேசுகிறவனாம். இங்கே வடைத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவனுக்காக அவன் தகப்பன் வாதாடினார். இருவருமே தட்டிப்போனதில் அவளுக்குத் துளி வருத்தமும் இல்லை. பொருந்தியிருந்தால்? குரல்கூடக் கேட்டறியாத ஒருவனுக்குப் பக்கத்தில் ஆயுள் முழுக்கப் படுத்தெழும்ப வேண்டும். ஐயோ கடவுளே!

தேவதாசனின் படத்தை அம்மா காட்டியிருந்தாள். நல்ல முகம். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாய். அவளுக்குப் பிடித்திருந்தது, அதை ஒளிப்பானேன்? அவளிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. என்னைக் கட்ட விருப்பம் உங்களுக்கா, உங்கள் அம்மாவுக்கா? அவ்வளவுதான். "எனக்கு" என்று அந்த மனிதன் தானாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், கழுத்தை நீட்டிவிடுவாள். சொல்லாவிட்டால் மாட்டாள். ஆனால் கேட்பது எப்படி? ஹாலில் பெரியவர்கள் நிறைந்திருக்க, தட்டோடு போய் நின்று, தட்டோடு திரும்புகிறவளுக்கு வாய் ஏது? அப்பாவின் பைத்தியக்காரக் கம்பி அவளுக்கு ஒரு வாயைத் தரும் போலிருந்தது.

"நல்ல யோசனை அப்பா," என்றாள்.

மகள் தன்னை மெச்சியது சின்னத்துரைக்கே புதிதாக இருந்தது. இன்னொரு கரண்டி சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

பென்ஷன் வந்ததும் ஆசைப்பட்டு வாங்கி, பூத்தையல் துணி போட்டு மூடி, ஒருநாளும் உபயோகிக்காமல் வைத்திருந்த கம்பியூட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. இன்னொன்றைப் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கினார். எர்னஸ்ட் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். நல்ல மனிதர், கேட்டதும் தூக்கிக் கொடுத்துவிட்டார். "நானே வந்து பூட்டிக் குடுக்கவாண்ணே?" என்றும் கேட்டார். சின்னத்துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, நான் டெலிகொம்ஸில இருந்தனான்."

எர்னஸ்ட் உள்ளே போய்விட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் கண்கொள்ளாக் காட்சி. சின்னத்துரை ஏணியில் ஏறினார், இறங்கினார். பலகைச் சுவரில் ஓட்டை போட்டார், போட்ட இடம் பிழைத்து இன்னொன்று போட்டார். கம்பியை ஹாலிலிருந்து முருகன் படத்துக்கு மேலாக இழுத்து, இராசம்மாவின் தையல் மெஷினைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பின்னறையில் இறக்கினார். கம்பியின் இரண்டு முனையிலும் கால்கள் நிறைந்த பிளக் இருந்தது. எந்தக் காலில் எந்த இழையைச் சேர்ப்பது என்று யாரையும் கேட்கவில்லை. இந்தப் பக்கம் இரண்டாம் காலென்றால் அந்தப் பக்கமும் இரண்டு. இங்கே மூன்றென்றால் அங்கேயும் மூன்று. கணக்கு எழுதிய கை அல்லவா, பத்தியைப் பத்தியோடு நேராக்கிவிட்டது.

பூட்டி முடித்து, ஹாலில் உட்கார்ந்து ஓர் எழுத்தைத் தட்டினார்.

"இராசம்மா! வந்துதா?"

"என்ன வரவேணும்?" என்றாள் அறைக்குள் நின்ற இராசம்மா.

"எழுத்து! எழுத்து வந்துதா எண்டு பார்!"

"ஒண்டும் வரேல்லை. பச்சையா ஒரு புள்ளி மின்னுது."

எழுந்து அறைக்கு ஓடினார். அங்கே ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு ஹாலுக்கு ஓடினார். அங்கேயும் பச்சைப் புள்ளிதான். எழுத்து தன்னைவிட மெதுவாக வருகிறதோ என்ற சந்தேகத்தில் நின்று பார்த்தார். பிறகு தான்தான் மெதுவோ என்று இன்னும் வேகமாக ஓடினார். தடதடவென்று அவர் ஓடுவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு ஜோசபின் பின்வேலிக்கு வந்துவிட்டாள். எர்னஸ்டின் மனைவி. பாடாங் செராய் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். மனதில் பட்டதை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"ஏ பாலா, உங்கப்பா என்னாத்துக்கு வீட்டுக்குள்ளயே ஓட்டப் பந்தயம் ஓடுறாரு? கீலாவா, பைத்தியம் புடிச்சிருச்சா?"

"கம்பியூட்டர் கதைக்க மாட்டனெண்டுதாம் அக்கா."

"நம்ம வீட்டுக்காரரு வந்து பாக்கட்டுமான்னு கேட்டதுக்கு டெலிகொம்ஸ்ல இருந்தேன்னாராம்லா. டெலிகொம்ஸ்காரு இப்ப வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்கிறாரு, பாரு!"

பாலாம்பிகைக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை நெருங்குகிறதே என்ற பயமும் கூடவே வந்தது. கம்பி பேசாவிட்டால் அவளும் பேச முடியாது. மாலையில் அப்பா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, பெட்டியோடு வந்த கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சின்னத்துரை அதைப் பிரித்ததே இல்லை. பிரித்திருந்தால் புதுக் கடதாசியின் மடிப்புக் கலைந்திருக்குமே!

விஷயம் ஒன்றும் பெரிய வித்தை அல்ல. பிளக்கில் ஒரு கால் பேசுவதற்கு, ஒரு கால் கேட்பதற்கு. ஒரு பெட்டியின் வாய் மற்றப் பெட்டியின் காதோடு சேர வேண்டும். ஆகையால் அந்த இரண்டு இழைகளையும் நடுவில் குறுக்காக மாற்றிவிட வேண்டும். அப்பா வாயை வாயோடு கட்டி, காதைக் காதோடு கட்டி வைத்திருந்தார். இரண்டு பெட்டிகளும் ஒரே நேரத்தில் ஒன்றின் வாய்க்குள் ஒன்று கத்திக்கொண்டிருந்தன, கேட்க ஓர் ஆள் இல்லை. தன் குடும்பம் கூடிப் பேசுகிற அழகை இதைவிட நன்றாக யாரும் கம்பியில் கட்டிக் காட்ட முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

கேட்டதும் ஜோசபின் வேலிக்கு மேலால் எர்னஸ்டின் சோல்டரிங் கோலை நீட்டினாள். பாலாம்பிகை ஒரு பக்கத்துப் பிளக்கைப் பிரித்து, இரண்டு இழைகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்தாள். விரலில் ஒருமுறை சுட்டுக்கொண்டாள். பிறகு இரண்டு பெட்டிகளையும் ஒரே வேகத்தில் அனுப்பவும் வாங்கவும் அமைத்தாள். ஒன்று அவசரமாகப் பேசி மற்றது ஆறுதலாகக் கேட்டால் குப்பைதான் வந்து விழும் என்று கையேட்டில் இருந்தது. அறையில் ஒரு சொல்லைத் தட்டிவிட்டு ஹாலுக்குப் போனாள். பச்சை எழுத்தில் அந்தச் சொல் அங்கே வந்து குந்தியிருந்தது. சின்னப் பிள்ளையைப்போலக் கையைத் தட்டினாள்.

கோயிலிலிருந்து திரும்பிய சின்னத்துரை தட்டிப் பார்த்தார், எழுத்து ஓடியது. மகளை ஒரு பார்வை பார்த்தார். மேசையில் கிடந்த கையேட்டையும் பார்த்தார். பார்த்துவிட்டு, "கேபிள் எண்டா ஒரு நாள் சூடாக வேணும். நான் அப்பவே சொன்னனான்," என்றார். எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. பாலாம்பிகையும் விட்டுவிட்டாள். அவளுக்கு வேண்டியது பெயரல்ல, வழி.

வெள்ளிக்கிழமை வந்தது. கெடாவில் வெள்ளி விடுமுறை, தேவதாசனுக்குப் பினாங்கில் அன்று வேலை நாளாம், லீவு போட்டுவிட்டு வருகிறான் என்று அவன் தாய் கனகேஸ்வரி ஏற்கெனவே ஆள் விட்டுச் சொல்லியிருந்தாள். இராசம்மாவும் ஜோசபினும் குசினியில் வடை சுட்டார்கள். பாலாம்பிகை பட்டுச் சேலையில் பின்னறைக்குப் போய், கம்பியூட்டருக்கு முன்னால் இருந்த நாற்காலியை இழுத்தாள்.

"அங்க இராத பிள்ளை," என்றார் சின்னத்துரை. "அது மாமாவுக்கு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பரஞ்சோதி மாமா வேட்டி மடிப்புக் கலையாமல் உள்ளே வந்து, சால்வையைத் தோளில் திருத்திக்கொண்டு, அந்த நாற்காலியில் அமர்ந்தபோதுதான் விளங்கியது. இராசம்மாவின் தமையன். ஓய்வுபெற்ற தபாலதிபர். முன்பு இரண்டு முறையும் அவளுக்காகப் பதில் சொன்ன அதே வாய், இந்த முறை விரல்களோடு வந்திருந்தது.

"அப்பா, நானெல்லோ பதில் அனுப்புறதெண்டு சொன்னியள்?"

"நீ அனுப்புற மாதிரித்தான். மாமா அடிப்பார், நீ பக்கத்தில நில். பொம்பிளைப் பிள்ளை தானாக் கதைக்கிறது வடிவில்லை. அவைகள் என்ன நினைப்பினம்?"

பாலாம்பிகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண் அறைக்குள் இருந்தே பதில் சொல்லட்டும் என்று சுவரில் இரண்டு ஓட்டை போட்டு, முருகனுக்கு மேலால் கம்பி இழுத்து, கடைசியில் மாமாவைக் கொண்டுவந்து உட்காரவைத்த புத்தியை என்னவென்று சொல்வது? குசினி வாசலில் இருந்து ஜோசபின் எட்டிப் பார்த்தாள்.

"என்னா பாலா, பொண்ணு பாக்க வந்தது உன்னயா, உங்க மாமாவையா?"

சின்னத்துரை கதவைச் சாத்தினார்.

வாசலில் கார் நின்றது. "வாங்கோ, வாங்கோ" என்ற சத்தம், செருப்புக் கழற்றுகிற சத்தம், கனகேஸ்வரியின் குரல், அவள் அழைத்து வந்த இனசனத்தின் குரல்கள் எல்லாம் பலகைச் சுவர் வழியாகத் தெளிவாக வந்தன. கம்பி தேவைப்பட்ட வீடுதான்! சின்னத்துரையின் குரல் மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. தம்பி இப்படி இருங்கோ, இதைத் தட்டுங்கோ, அறைக்குள்ள பிள்ளை பாத்துக்கொண்டிருக்கிறாள், முழுக்க என்ர வேலை, டெலிகொம்ஸ் அனுபவம்.

பச்சைப் புள்ளி நகர்ந்தது. அந்தப் பெட்டிக்குத் தமிழ் வராது. இங்கிலீசு, அதுவும் எல்லாம் பெரிய எழுத்தில். முதல் வரி வந்தது.

"கேபிள் நன்றாக வேலை செய்கிறது. இழைகளைச் சரியாக மாற்றியிருக்கிறீர்கள். யார் செய்தது?"

பாலாம்பிகைக்கு முகம் சூடாகியது. இது அவனேதான். வந்தவுடன் பெண்ணின் நிறத்தையும் பல்லையும் விட்டுவிட்டுக் கம்பியின் இழையைப் பார்க்கிறவன் அவனாகத்தான் இருக்க முடியும். தன் விரலைச் சுட்ட வேலையைப் பற்றி ஒருவன் கேட்கிறான்! அவளுக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது.

"நான்தான் எண்டு சொல்லுங்கோ மாமா."

பரஞ்சோதி திரும்பியும் பார்க்கவில்லை. ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகக் குத்தினார். வாழ்நாள் முழுக்கத் தந்திக்குச் சொல் எண்ணியவர், சொல்லைச் செலவழிக்க அவருக்குக் கை வராது.

"பெண்ணின் தந்தை. ஸ்டாப்."

"மாமா!"

"சும்மா இரு பிள்ளை. பொம்பிளை சோல்டர் பிடிச்சதெண்டு சொன்னா சம்பந்தம் நிக்குமே?"

அதற்குப் பிறகு ஹாலில் இருந்து வந்த வரிகளின் சாயல் மாறிவிட்டது. சமைக்கத் தெரியுமா? புளிக்குழம்பு எப்படி வைப்பாய்? வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பாயா? அவனுக்கு இரவில் சோறு ஒத்துக்கொள்ளாது, இடியப்பம் அவிக்க வருமா? அவனுக்கு என்று இருந்தது. எனக்கு என்று இல்லை. பாலாம்பிகை அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஹாலில் ஆளுக்கொரு பக்கம் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்த இரைச்சலில் யார் சொல்லி யார் தட்டுகிறார் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. அவனாக இருக்காது என்று மனம் சொன்னது. அவனாகவும் இருக்கலாம், கேலிக்குக் கேட்கிறானோ என்று அதே மனம் சப்பைக்கட்டும் கட்டியது. முதல் வரியை அவளால் மறக்க முடியவில்லை.

பரஞ்சோதி மாமாவோ குதூகலத்தில் இருந்தார். "சமையல் சிறப்பு. ஸ்டாப். விரதம் உண்டு. ஸ்டாப். இடியப்பம் பஞ்சு. ஸ்டாப்." ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஹாலில் "ஆகா" என்று ஒரு முழக்கம் எழுந்தது.

அடுத்த கேள்வி வந்தது.

"கலியாணத்துக்குப் பிறகு வேலையை விடுவாயா?"

"விடுவேன். ஸ்டாப்," என்று குத்தினார் மாமா.

"நான் விடமாட்டன்! என்னைக் கேளாமல் ஏன் அடிச்சனீங்கள்?"

"இது ஒரு பேச்சுக்குத்தான். பிறகு பாத்துக்கொள்ளலாம்."

ஹாலில் இந்த முறை கைதட்டலே கேட்டது. பரஞ்சோதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன் சொற்கள் அந்தப் பக்கத்துப் பெட்டியில் எப்படி வந்து நிற்கின்றன என்று பார்க்க வேண்டுமாம். கண்ணால் கண்டால்தானே திருப்தி! எழுந்து சால்வையைத் திருத்திக்கொண்டார். "ஒண்டிலயும் கை வையாத பிள்ளை. இப்ப வாறன்," என்று சொல்லிவிட்டு ஹாலுக்குப் போனார். அங்கே அவரை வரவேற்ற சத்தம் கலியாணமே முடிந்துவிட்டது போல் இருந்தது. தட்டை எடுத்து வா என்று சின்னத்துரை யாரிடமோ சொல்லுவது கேட்டது.

இனி நேரமில்லை. பாலாம்பிகை நாற்காலியில் உட்கார்ந்தாள். அலுவலகத்தில் கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறவள் இங்கே ஓர் எழுத்துப் பிழைத்து, அழித்து, மறுபடி தட்டினாள். கடவுளே, இவன் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று உள்ளூர வேண்டிக்கொண்டாள். வேலை, இடியப்பம், விரதம் எல்லாவற்றையும் பிறகு இரண்டு பேருமாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லட்டும்.

"இது பாலாம்பிகை. இவ்வளவு நேரம் எழுதியது என் மாமா. கம்பியைச் சரி செய்தது நான். எனக்கு ஒரே கேள்வி. என்னைக் கட்ட விருப்பம் உங்களுக்கா, உங்கள் அம்மாவுக்கா?"

அனுப்பினாள்.

முதலில் மாமாவின் சிரிப்பு நின்றது. பிறகு மற்றவர்களின் பேச்சு. கூரை விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் இருந்தது. பாலாம்பிகை பச்சைப் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் யோசிக்கிறான். யோசிக்கட்டும். நேர்மையானவன் யோசித்துத்தான் சொல்லுவான். "அம்மாவுக்கு" என்று சொன்னாலும் பரவாயில்லை, அவன் சொன்னதாக இருக்கும், அதற்காகவே அவனை மதிக்கலாம்.

அப்போது பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்தில் நின்று காதோடு சொன்னதுபோல, கனகேஸ்வரியின் குரல் கேட்டது.

"ஏன் மோனை யோசிக்கிறாய்? எழுது. எனக்கு விருப்பம் எண்டு எழுது."

விசைகள் மெல்லத் தட்டுப்பட்டன.

"எனக்குத்தான் எண்டு எழுது. அதைப் பெரிசா எழுது."

"இதில எல்லாம் பெரிய எழுத்துத்தான் அம்மா," என்றான் தேவதாசன். அவனுடைய குரலை அவள் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். நல்ல குரல்.

"சரி, அனுப்பு."

பச்சைப் புள்ளி நகர்ந்தது. எழுத்துகள் வந்து நின்றன.

"எனக்குத்தான் விருப்பம்."

பாலாம்பிகை அதை ஒருமுறை வாசித்தாள். அழுகை வந்தது, வந்த வேகத்திலேயே அது கோபமாகிவிட்டது. இதற்கா கையைச் சுட்டுக்கொண்டாள்? இதற்கா சாமியை வேண்டினாள்? நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கதவைத் திறந்தாள்.

ஹாலில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். வெற்றிலையும் பழமும் வைத்த தட்டு சின்னத்துரையின் கையில் இருந்தது. "உள்ள போ பிள்ளை, உள்ள போ," என்று பல்லைக் கடித்தபடி சொன்னார். இராசம்மா குசினி வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பரஞ்சோதி மாமாவுக்கு ஒரு ஸ்டாப்கூட வரவில்லை. பாலாம்பிகை தகப்பனைத் தாண்டி நடந்து, கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தவனையும் தாண்டி, அவனுடைய நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்ற கனகேஸ்வரிக்கு நேரே போய் நின்றாள்.

"மாமி, உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கெண்டு விளங்குது. சந்தோசம். ஆனா உங்களைக் கட்ட எனக்கு விருப்பமில்லை."

தேவதாசன் விசைப்பலகையில் வைத்த விரல்களை எடுக்காமல் தாயைத் திரும்பிப் பார்த்தான், இதற்கு என்ன அடிப்பது என்று.